வடிவு போட்ட பட்டியல்

மும்பை செம்பூரில், தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பின்னறையில், மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சண்முகவடிவு போனில் தன் இணையப் பக்கத்தைத் தட்டினாள். பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. பதிப்புரிமைப் புகாரின் பேரில் இந்தப் பக்கம் நீக்கப்பட்டிருக்கிறதாம். மூடித் திறந்தாள். போனை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அதே வரிதான். பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. தாராவியில் பிறந்தவள். ஏழாவது வரைக்கும் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தாள். எட்டாவதில் இருந்து இந்தி. மூன்று வருஷத்துக்கு முன்னால், ரத்த மாதிரிக் குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படிக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து, வீட்டில் கூடச் சொல்லாமல் சேர்ந்துவிட்டாள். முதல் வருஷம் பாடப் புத்தகமே வரவில்லை. போன் செய்தால் அனுப்பிவிட்டோம் என்றார்கள். மும்பையில் அந்தப் புத்தகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அப்போதுதான் இணையத்தில் தேட ஆரம்பித்தாள்.

எல்லாம் இருந்தது. எதுவும் நேராக இல்லை. சங்கப் பாட்டுகளின் பழைய பதிப்புகளை யாரோ முகம் தெரியாதவர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்டிருந்தார்கள். ஒன்றில் நாற்பது பக்கம் தலைகீழாக இருக்கும். ஒன்றில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் ஒரு பாட்டையே மறைத்திருக்கும். ஒரு தளத்தில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். இன்னொரு தளம் காலையில் மட்டும்தான் திறக்கும். இலக்கணத்துக்கு, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கரும்பலகை முன்னால் நின்று பேசிய எண்பது வீடியோக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் இருநூறு பேர் கூடப் பார்த்திருக்கவில்லை. டிபன் நேரத்திலும், ரயிலில் நின்றுகொண்டும், குக்கர் விசில் வருவதற்குள்ளும் இரண்டரை வருஷம் தேடினாள். கண்டதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிவைத்தாள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் கீழே தன் பேச்சிலேயே ஒரு குறிப்பு. 'இதுல முப்பதாம் பக்கம் கிடையாது, அடுத்த லிங்க்ல இருக்கு.' 'இந்த உரை வேண்டாம், தலவலிதான் மிச்சம்.' 'எழுத்து மங்கலாக் கெடக்கும், பெருசாக்கிப் பாருங்க.'

தாராவி, வாஷி, டிராம்பே என்று அங்கங்கே இருந்து அவளைப் போலவே படிக்கிறவர்கள் அறுபத்து மூன்று பேர் அந்தப் பக்கத்தை வைத்துத்தான் படித்தார்கள். ஹோட்டல் சமையல்காரர் ஒருவர் இருந்தார், வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். பெண்கள்தான் அதிகம்.

சாயங்காலம் நூர் நிஷா போன் செய்தாள். அவளும் கூடப் படிக்கிறவள்; சயானில் தையல் வேலை.

"வடிவக்கா, ஒரு லிங்க் அனுப்பிருக்கேன். ஒக்காந்துக்கிட்டுப் பாருங்க."

மாட்டுங்காவில் உள்ள செஞ்சொல் மன்றத்தின் இணையதளம் அது. 'இலவச இலக்கிய வளங்கள்: மன்றத்தின் தொகுப்பு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே முதல் ஆறு இணைப்புகள். 'தலவலிதான் மிச்சம்' என்பது அப்படியே இருந்தது. ஏழாவதற்குப் போனால், உறுப்பினர்கள் மட்டும் உள்ளே வரலாம், உறுப்பினர் எண்ணைப் போடுங்கள் என்றது. வடிவு தன் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். நான்கு நாளைக்கு முன்னால் வந்த கடிதம் அங்கே கிடந்தது. எங்கள் தொகுப்பை இவர் திருடிவிட்டார் என்று புகார் கொடுத்திருந்தது அந்த மன்றம்தான்.

திருடி. அந்தச் சொல் வேலை முடிந்து கிளம்பியதிலிருந்து அவள் மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. ரயிலில் ஒருத்தி காலை மிதித்ததற்கு, இறங்கும் வரை இந்தியில் அவளைத் திட்டித் தீர்த்தாள்.

வீட்டில் அவள் புருஷன் ராஜபாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தோல் பைகள் செய்யும் பட்டறையில் இருபது வருஷமாகத் தைக்கிறவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடு வடிவு. இன்னொண்ணு போட்டுக்க" என்றான்.

"என்னத்தப் போட? அதோட மொத்தமும் போச்சு. நூர் கிட்ட இருக்கது பழைய காப்பி, பாதிதான். நீங்க தைச்ச பையத் தூக்கிட்டுப் போயி ஒருத்தன் அவன் லேபிள ஒட்டிக்கிட்டா சும்மா இருப்பியளா?"

அவன் சோற்றைப் பிசைந்தபடி நிமிராமல் சொன்னான். "நான் தைக்கது பூரா அடுத்தவன் லேபிளுதான வடிவு."

அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. தட்டை எடுத்துக் கழுவப் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது.

ஞாயிற்றுக்கிழமை காலை நூர் நிஷாவைக் கூட்டிக்கொண்டு மாட்டுங்கா போனாள். மன்றத்தின் செயலாளர் வேங்கடசுப்ரமணியன், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தளத்தில் இருந்த முகவரி, மூன்றாவது மாடியில் இருந்த அவர் வீடுதான். அவரே கதவைத் திறந்தார்.

"வாங்கோ வாங்கோ. மெம்பர்ஷிப்புக்குத்தானே? உக்காருங்கோ."

இருவரும் உட்காரவில்லை. வடிவு போனை நீட்டினாள். "இது நான் எழுதுனது சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அவர் முகத்தில் கள்ளத்தனம் எதையும் காணோம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இது வாட்ஸாப்ல சுத்திண்டிருந்ததும்மா. யார் பேரும் இல்லை. அனாதையாக் கிடக்கேன்னு எடுத்து ஒழுங்கு பண்ணினோம். ஒரு சேவைதான். அப்புறம் பார்த்தா வேற எங்கயோ அதே லிஸ்ட் இருக்கு. காப்பி அடிச்சிருக்கான்னு அம்முவை விட்டு ஒரு கம்ப்ளெயின்ட் போடச் சொன்னேன்."

"கடைசி வரில எம்பேரு இருந்துச்சே சார். ஊரும் போட்டிருந்தேன்."

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அவருடைய மகள் அம்மு எழுந்து வந்தாள். கல்லூரியை இப்போதுதான் முடித்திருப்பாள் போல. மன்றத்துக்கு இணையதளம் செய்துகொடுத்தவள் அவள்தான்.

"லாஸ்ட் லைன் வேண்டாம், டிலீட் பண்ணுன்னு நீங்கதானேப்பா சொன்னேள்?" என்றாள். வடிவைப் பார்த்து, "சாரி ஆன்ட்டி. எனக்குத் தமிழ் படிக்க வராது. அப்பா மார்க் பண்ணினதைத் தூக்கிட்டேன், அவ்ளோதான்" என்றாள்.

வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. நன்றின்னு போட்டு உங்க பேரைச் சேர்த்துடலாம். தாராவின்னும் போட்டுடலாமே. தாராவியிலேர்ந்து ஒரு பெண்மணி இப்படிப் பண்ணியிருக்காங்கறது எங்களுக்கும் பெருமைதானே?"

"பேரு வேண்டாம் சார். பூட்டத் தெறங்க. அந்தப் புகார வாபஸ் வாங்குங்க. ஒம்பது நாள்னு இருந்தது இப்ப அஞ்சு நாளாயிருச்சு. அறுவத்து மூணு பேரு படிக்கணும்."

"அதெல்லாம் நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியாதும்மா. கமிட்டி இருக்கு. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு மீட்டிங், அன்னிக்கு வெச்சுடறேன்." குரலைத் தாழ்த்தி, நல்லது சொல்கிறவர் போலச் சொன்னார். "இன்னொண்ணும் யோசிக்கணும். எல்லாத்தையும் இலவசமாத் திறந்து விட்டா மதிப்பு இருக்காது. கொஞ்சம் கட்டுப்பாடு வேணும்."

இதற்கு மேல் வடிவுக்குக் குரல் அடங்கவில்லை.

"ஒங்க மன்றத்துல எத்தன பேரு இதப் படிச்சிருக்காவ சார்? ஒரு ஆளச் சொல்லுங்க. அந்தப் புஸ்தகத்தயெல்லாம் ஒக்காந்து ஸ்கேன் பண்ணிப் போட்டாமுல்லா, அவன் யாருன்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. அவன் பூட்டா போட்டான்? தெறந்துதான போட்டுட்டுப் போயிருக்கான்? நடுவுல நீங்க யாரு சார் சாவிய வச்சிக்கிட்டு நிக்கதுக்கு? எடுத்ததும் நீங்க, திருடின்னு எழுதிக் குடுத்ததும் நீங்க!"

"மெதுவாப் பேசுங்கோ. பக்கத்துல எல்லாம் மனுஷா இருக்கா."

"இருக்கட்டும். கேக்கட்டும்."

பக்கத்து வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடியது. வேங்கடசுப்ரமணியன் எழுந்து போய்த் தன் வீட்டுக் கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே போங்கள் என்று அவர் சொல்லவில்லை. அம்மு ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவைப் பார்த்துவிட்டு, நகத்தைக் கடித்தாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் இருவரும் படியில் இறங்கினார்கள். தெருவில் வெயில் ஏறியிருந்தது. பூக்கடைக்காரன் கதம்பத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் வடிவு போனை எடுத்தாள். கூடப் படிக்கிறவர்களின் வாட்ஸாப் குழுவில் எல்லோருக்கும் எழுத நினைத்தாள். ஒரு எழுத்தைத் தொட்டால் வேறொரு எழுத்து விழுந்தது. நாலு வார்த்தை அடித்து நாலையும் அழித்தாள்.

"வீட்டுக்குப் போயி நிதானமா எழுதுவோம்க்கா" என்றாள் நூர் நிஷா.

வடிவு மைக் படத்தை அழுத்திப் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் வடிவு பேசுதேன். நம்ம பக்கத்த எடுத்துட்டாவ. பயப்படாண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிடுங்க. முதல் தாள், சங்கப் பாட்டு. அதுக்கு மூணு எடம் இருக்கு. மொத எடத்துல நாப்பது பக்கம் தலகீழாக் கெடக்கும், போனத் திருப்பிப் பிடிங்க. ரெண்டாவது காலைல மட்டுந்தான் தெறக்கும், ஏழு மணிக்குள்ள எறக்கிருங்க..."

நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால்தான் அந்தப் பக்கம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாவதைச் சொல்லும்போது பேருந்து வந்தது. நூர் நிஷா அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையில் போனை வாயோடு வைத்துக்கொண்டு வடிவு சொல்லிக்கொண்டே போனாள். கண்டக்டர் டிக்கெட் மெஷினோடு பக்கத்தில் வந்து, "கிதர் ஜானா?" என்று போகுமிடம் கேட்டான். இரண்டாவது தடவையும் கேட்டான். பிறகு மெஷினைக் கையில் வைத்தபடி, அவளுக்கு மூச்சு வாங்கும் இடத்துக்காகக் காத்து நின்றான்.