நூல் படாத முகவாய்

என் அம்மாவுக்குத் தன் கைமேல் அவ்வளவு கர்வம். அழகு நிலையம் வைத்திருக்கிறாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, இரண்டு கையாலும் முறுக்கி ஓட்டினால் முகத்தில் ஒரு முடி மிஞ்சாது. ‘நூல் அக்கா’ என்றால் தெருவே வழி சொல்லும். அந்தக் கைதான் என்னைக் கவிழ்த்தது.

எனக்கு மாதவிடாய் இஷ்டத்துக்கு வரும், இல்லையென்றால் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. முகவாயில் கறுகறுவென்று முடி வேறு. முதல்முறை டாக்டரிடம் கிளம்பும் முன்பு அம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்து முகத்தை மொழுமொழுவென்று ஆக்கிவிட்டாள். நான் என்ன கல்யாணத்துக்கா போகிறேன்?

"முகத்துல முடி வளருதாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"என் பொண்ணுக்கா? பாருங்க டாக்டர், ஒண்ணு கிடையாது," என்று அம்மா என் தாடையைத் தூக்கிக் காட்டினாள். கடைக்கு விளம்பரம். வெட்கத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை. சத்து மாத்திரையோடு திரும்பி வந்தோம்.

மாத்திரை தீர்ந்தது, எதுவும் மாறவில்லை. எடை ஏறியது. என் உடம்புக்கு என்னதான் ஆயிற்று, நாளைக்கு எனக்கென்று ஒரு குழந்தை பிறக்குமா என்று பயம் பிடித்துக்கொண்டது. அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்வரை நூல் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"நூல் அக்கா பொண்ணு தாடியோட திரியறான்னு ஊர் சிரிக்கட்டும்," என்றாள் அம்மா. அதோடு பேச்சு நின்றது.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேம் சரியாக உட்கார்கிறதா என்று வாடிக்கையாளரின் முகத்தோடு முகம் வைத்துப் பார்க்க வேண்டும். அவர்களும் என்னைப் பார்ப்பார்கள், அதுவும் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பார்த்துத் தொலையட்டும் என்று நிமிர்ந்தே நின்றேன்.

மறுபடி டாக்டரிடம் போனபோது, அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் கூட வந்தாள். டாக்டரம்மா என் முகவாயைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்தபின் படம் போட்டு விளக்கினார்.

"இதுக்குப் பேரு பிசிஓஎஸ். இன்சுலின் உடம்புல சரியா வேலை செய்யாம அதிகமாச் சுரக்குது. அதனால ஆண் ஹார்மோன் கூடுது. கருமுட்டை முழுசா வளர்ந்து வெளிய வரல, மாதவிடாய் தள்ளிப்போகுது, முடி வளருது. ஏன் வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது. நீ பண்ண தப்பு எதுவும் இல்லை. நடை, சாப்பாட்டுல கட்டுப்பாடு, மாத்திரைன்னு கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். குழந்தை வேணும்கிறப்போ அதுக்கும் மருந்து இருக்கு. முடி குறைய மாசக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் தாராளமா நூல் வெச்சுக்கோ."

எனக்கு மூச்சு வந்தது.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அம்மா கைப்பையிலிருந்து ஈரப் பஞ்சை எடுத்தாள். முகவாயில் இருந்த பவுடரை அழுத்தித் துடைத்தாள். காலையில் நூல் வைத்த தடம் சிவப்பாக, அடியில் முடி முளைக்கும் பச்சை படர்ந்து தெரிந்தது. பெற்ற மகள் நானே அதைப் பார்த்ததில்லை.

"எனக்கு இருக்கு டாக்டர். இவ வயசுலேர்ந்து. இவ பொறக்கவே எத்தனையோ வருஷம் காத்துக் கிடந்தேன்."

"நீங்களும் சர்க்கரை பாத்துடுங்கம்மா," என்று அவளுக்கும் பரிசோதனை எழுதினார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலம் அம்மாவின் கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். வாராவாரம் முகவாய்க்கு நூல் வைக்க வருபவள். அம்மா நூலைப் பல்லில் கடித்தாள், பிறகு கீழே வைத்தாள்.

"மாசாமாசம் ஒழுங்கா வருதாடி உனக்கு?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"இங்க பாரு," என்று அம்மா பவுடர் போடாத முகவாயைக் கடை விளக்குக்கு நேராகத் தூக்கினாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "எனக்கும் இருக்கு, அதோ நிக்கறாளே என் பொண்ணு, அவளுக்கும் இருக்கு. இப்படியே போய் டாக்டர்கிட்டக் காட்டிட்டு வா. அதுக்கப்புறம்தான் உனக்கு நூல்."

இவள்தான் என் அம்மா என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்தப் பெண் எழுந்துபோன நாற்காலியில் நான் உட்கார்ந்து அம்மாவின் நூலுக்குத் தாடையைத் தூக்கினேன்.