கடைசிப் பக்கத்தைப் படித்தவர்கள்

வந்திருந்தவர்கள்: லாண்டரிக் கடை முதலாளி, இடம் அவருடையது என்பதால் தலைவரும் அவரே. அவர் மனைவியின் தம்பி, இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கும் பெண். எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. பிறகு நான். ஒரு கிடங்கில் இரவெல்லாம் கேமரா திரைகளைப் பார்க்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். இப்படிப்பட்டவனுக்குப் பேய்க்கதை எதற்கு என்று கேட்கலாம். அந்தத் திரைகளில் கடைசிவரை ஒன்றுமே வரவில்லை. அதுதான் குறை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இஸ்திரி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். உள்ளறையில் வெளுத்த உடைகள் பிளாஸ்டிக் உறைகளில் தொங்கின. மின்விசிறிக் காற்றில் அவை கொஞ்சம் அசையும். தலைவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவதில்லை.

எங்கள் வாசகர் வட்டம் படிப்பது பேய்க்கதைகள் மட்டும். ஒரே பிரதி கைமாறி வரும். எல்லோரும் முடித்தபின் கூடி, எங்கே எப்படிப் பயந்தோம் என்று சொல்ல வேண்டும். தனியாகப் படிக்க வேண்டும், முழுதாகப் படிக்க வேண்டும், மூன்று முறை முடிக்காதவர் விலக வேண்டும்: மூன்றும் தலைவர் போட்ட விதிகள். ஊசி ஏற்கெனவே இரண்டைப் பாதியில் விட்டிருந்தாள். நான் புதிதாகச் சேர்ந்தவன். புத்தகம் அன்றுதான் ஊசியிடமிருந்து என் கைக்கு வந்திருந்தது.

கதையில் ஒரு பழைய பங்களா. கல்யாணமாகி வந்த பெண். மாடியில் பூட்டிய அறைக்குள் யாரோ தலை வாருகிற சத்தம்.

முதலில் தலைவர் பேசினார். பேயெல்லாம் அவரை ஒன்றும் செய்யவில்லையாம்.

“ரத்தம் பட்ட கவுனை அவ வெந்நீர்ல அலசுறா பாருங்க. அங்கதான் எனக்குக் குலை நடுங்கிடுச்சு. ரத்தக் கறைக்கு வெந்நீரா? ஏழு ஜென்மத்துக்கும் போகாது.”

திரைச்சீலைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பத்துக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தராது என்றார் இன்சூரன்ஸ். அத்தனை வேலைக்காரர்கள் இருந்தும் ஒருவர்கூட மாடிக்குப் பெருக்கப் போகாதது எப்படி என்று டீச்சருக்குச் சந்தேகம்.

பேச்சு கதையின் முடிவுக்கு வந்தது. பங்களா எரிந்துபோனது மனசைப் பிசைந்துவிட்டது என்றார் தலைவர். இன்சூரன்ஸ் கொஞ்சம் யோசித்தார். இடிந்து விழுந்தது என்றல்லவா அவருக்கு ஞாபகம்.

“எரிஞ்சுதான் விழுந்துச்சு, மாப்ள.”

“ஆமா மச்சான், அந்த வரிசைதான்.”

ஆசிரியர் எதையும் நேராகச் சொல்லவில்லை, நாம்தான் ஊகிக்க வேண்டும் என்றார் டீச்சர். ஆண்கள் இருவரும் அவசரமாகத் தலையாட்டினார்கள்.

ஊசியின் முறை.

“நான் முடிக்கல,” என்றாள். “அவ கதவுக் கைப்பிடியில கை வைக்கிறா. தலை வாருற சத்தம் நின்னு போகுது. அதோட புத்தகத்தை பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை மாமியார்கிட்ட குடுத்துட்டேன்.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “விதின்னா விதிதாம்மா. இது மூணாவது தடவை.”

அவள் கைப்பையை எடுத்தாள். எழுந்தவள் உடனே போகவில்லை.

“வீட்டுல பல்லியா, பாம்பா, மாமனாருக்கு சுகரா, எதுக்கும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. எனக்குப் பயமா இருக்குன்னு சொல்ல இந்த இடம் ஒண்ணுதான் சார் இருக்கு.”

யாரும் அவளைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார்கள். எனக்கும் இரக்கமெல்லாம் வரவில்லை. பங்களா எரிந்ததா இடிந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் மடியிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

“‘கதவு திறந்தது. உள்ளே’,” என்று உரக்கப் படித்தேன்.

“உள்ளே?” என்றார் இன்சூரன்ஸ்.

“அவ்வளவுதான். அதுக்கப்புறம் அட்டை.”

பின்னட்டையை ஒட்டித் தையல் நூல் மட்டும் தொங்கியது. தாள்களை யாரோ கிழித்திருந்தார்கள். புத்தகம் மேசையைச் சுற்றி வந்தது. இருக்கிற பக்கங்களில் ஒரு தீக்குச்சிகூட விழவில்லை, ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

பிறகு உண்மை மெதுவாக வந்தது. தலைவர் அந்தக் கவுனோடு நிறுத்தியிருந்தார். அது மூன்றாம் அத்தியாயம். இன்சூரன்ஸைப் படுக்கையறை விளக்கை அணைக்கச் சொல்லி மனைவி விரட்டியிருந்தார். இருட்டிய பிறகு ஹாலில் உட்கார அவருக்குத் தைரியம் இல்லை. டீச்சர் பாதியில் தாவிக் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தார்.

“பாதி வாக்கியத்துல நின்னுச்சு. நவீன இலக்கியம்னு நினைச்சுட்டேன்,” என்றார்.

ஆக, இருப்பதில் ஒரு பத்தி தவிர எல்லாவற்றையும் படித்தவள் ஊசி மட்டும்தான்.

புத்தகம் எங்கே கிடைத்தது என்று கேட்டாள். யாரோ வெளுக்கப் போட்டுவிட்டுத் திரும்பி வராத ஓவர்கோட்டின் பாக்கெட்டில் என்றார் தலைவர்.

“இன்னொரு பாக்கெட் பார்த்தீங்களா சார்?”

அவர் பார்க்கவில்லை. அந்தக் கவுனுக்குப் பிறகு அந்தக் கோட்டுக்குள் கைவிட மனசு வரவில்லையாம். ஊசி உள்ளறைக்குப் போனாள். நரம்பு தேடுகிறவளின் நிதானத்தோடு கோட்டைத் தடவி, மடித்த தாள்களை எடுத்து வந்தாள். கோட்டிடம் அவளுக்குப் பயமில்லை. அச்சடித்ததிடம்தான்.

தாள்கள் மேசைமேல் கிடந்தன. ஒருவரும் தொடவில்லை.

“முந்தின ரெண்டையும்தான் யார் முடிச்சோம்? விதிப்படி பார்த்தா இங்க எல்லாரும் வெளிய போகணும்,” என்றார் டீச்சர். “கடைக்காரர் உட்பட.”

சொந்தக் கடையிலிருந்து வெளியேறுவது எப்படி என்று தலைவர் யோசித்தார். சேர்ந்து உரக்கப் படிக்கலாமே என்று பார்த்தார். தனியாகத்தான் என்று டீச்சர் ஞாபகப்படுத்தினார். மச்சான் மட்டும் படித்துவிட்டால் போதும், மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், பழைய விதிகளையும் தூக்கிவிடலாம் என்று மாப்பிள்ளை சமரசம் பேசினார். நாங்கள் எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டோம்.

உள்ளறையில் உடைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டோம். தலைவர் தாள்களை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். தலைக்கு மேல் அந்த ஓவர்கோட்.

“கதவு திறந்தே இருக்கட்டும்மா.”

ஊசி கைப்பையைத் தன் நாற்காலியிலேயே திரும்ப மாட்டிவிட்டு வந்தாள்.

“முடிச்சதும் தட்டுங்க சார்,” என்று சொல்லிக் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினாள்.