மச்சான் பேரில் வந்த சர்ட்டிஃபிகேட்

இலவசம் என்று எவன் சொன்னாலும் பாய்லர்காரரின் கை முதலில் சட்டைப்பையைத்தான் பொத்தும். முப்பத்தோரு வருஷமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு நீராவி கொடுத்துவருகிறவரிடம், ஆன்லைனில் பாய்லர் பாடம் படித்து சர்ட்டிஃபிகேட் கொண்டுவா, இல்லாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து துணிவண்டி தள்ளு என்று சொல்லிவிட்டார்கள். ஈரத்துணி ஏற்றிய வண்டியைச் சரிவில் ஏற்ற அவர் முழங்காலுக்குத் தெம்பு கிடையாது. அது ஆபீசுக்கும் தெரியும்.

"பாடமும் இலவசம், சர்ட்டிஃபிகேட்டும் இலவசம் அண்ணே. நாலு வாரம் திறந்திருக்கும். அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றாள் ஆபீஸ் குமாஸ்தா.

சும்மா கொடுக்கிறவன் எதையோ பிடுங்கத்தான் வருவான். பாடத்தில் சேரப் போனைத் திறந்தார்; அது பெயரைக் கேட்டதும் ஒரு நிமிஷம் யோசித்தார். வம்பு வந்தால் அவனைத் தேடிப் போகட்டும் என்று, வேலைவெட்டியில்லாமல் திரியும் மச்சான் பெயரை ஒற்றை விரலால் தட்டிவிட்டார்.

பாடம் பன்னிரண்டு. ஷிஃப்ட் முடிந்து வந்து, பச்சைத்தண்ணீரில் முகம் கழுவி உட்காருவார். தாண்டிப் போக விடாது. கண் அசந்தால் படம் நின்று, 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும்.

"பின்னே செத்தா போயிட்டேன்?" என்று பொத்தானை அமுக்குவார்.

தண்ணீர்மட்டம் இறங்கினால் என்ன ஆகும் என்று டை கட்டிய ஒருத்தர் படம் போட்டுக் காட்டினார். என்ன ஆகும் என்பது பாய்லர்காரரின் இடது முன்கையில் தழும்பாகவே இருக்கிறது. பரீட்சையில் எண்பத்தெட்டு வந்தது.

குமாஸ்தா சர்ட்டிஃபிகேட் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"இது யாரு அண்ணே?"

"என் மச்சான்."

"பரீட்சை எழுதினது?"

"நான்தான்."

"அப்ப அவர் பேரை எதுக்குக் கொடுத்தீங்க?"

"கேட்டாங்க. எதுக்குன்னு சொல்லலியே."

"சர்ட்டிஃபிகேட்ல போடத்தான் அண்ணே!" அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வந்த பெயரை மாற்ற முடியாதாம். சொந்தப் பெயரில் புதிதாகச் சேர்ந்து முதலிலிருந்து படிக்கவேண்டுமாம். ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

வீட்டில் பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள். "ஊர்ல பேருக்கா பஞ்சம்? என் தம்பிதான் கிடைச்சானா உங்களுக்கு?"

தம்பிக்காரன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பூரித்துப்போனான். "மாமா, நான் எம்பத்தெட்டு! பள்ளிக்கூடத்துல முப்பதைத் தாண்டினதில்ல. இதை நானே வச்சுக்கட்டுமா?"

"பாய்லரைக் கண்ணால பாத்திருக்கியாடா நீ?"

"இல்ல. பேப்பர் இருக்குல்ல!"

அக்காளும் தம்பியும் சிரித்தார்கள். பாய்லர்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளை நீட்டினால் ஆபீசில் இவனைத்தான் உட்காரவைப்பார்கள், தன்னை இல்லை. தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு போனை எடுத்துத் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மனசில்லாமல்தான். டை கட்டியவர் மறுபடி வந்து, நீராவி என்றால் என்ன என்று ஆரம்பித்தார்.

முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பெண்டாட்டி பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சதுதானே. கண்ணை மூடுங்க. இருக்கீங்களான்னு கேட்டா நான் அமுக்குறேன்."

அவர் சுவரில் சாய்ந்தார். ஒரு கண்ணை மட்டும் மூடினார்.

"பேருல மட்டும் கை வச்சிடாதே" என்றார்.