கரண்டு போனாலும் மறக்காத பெட்டி

தூத்துக்குடியில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில், சுமைக்காரர்களின் வேலைநாளை இருபது வருஷமாகப் பேரேட்டில் எழுதிவந்தவர் ஆவுடையப்பன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் பொங்கல் கழிந்து அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கரண்டு போனாலும் அதோடு மாட்டியிருக்கும் வண்டி பேட்டரி தாங்கிக்கொள்ளும், அதில் ஏற்றிய கணக்கு அழியாது என்றார் மேனேஜர். கணக்கை டேப்பில் பதிந்துவைத்தால் உப்புக்காற்றில் கெட்டுப்போகுமாம்.

"பேரேட்டுலயும் எழுதி வைக்கேனே சார்."

"இனி பேரேட்டைத் தொடக் கூடாது. உங்களை நம்புறதுக்கு இதை நம்பலாம்."

பெட்டியைக் குறை சொல்ல முடியாது. ஐப்பசி வரை ஒழுங்காகத்தான் இருந்தது. அன்றைக்கு முதலாளியை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர மேனேஜர் கிளம்பியபோது ஜீப் முனகிவிட்டு அடங்கியது. கம்ப்யூட்டர் பேட்டரியைக் கழற்றி ஜீப்பில் மாட்டச் சொன்னார்.

"கரண்டு போயிட்டுன்னா சார்?"

"இப்ப இருக்குல்ல? அரைமணியில வந்திருவேன்."

கால்மணியில் மின்விசிறி நின்றது. அறுபத்திரண்டு பேரின் வேலைநாளும் அதோடு போயிற்று.

வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் முடித்தவனுக்குத்தான் வேலை நிரந்தரம். சுமைக்கார மாசானம் வந்து நின்றான்.

"எனக்கு மூணு நாளுதான பாக்கி அண்ணாச்சி? நீங்க சொல்லுங்க."

ஆவுடையப்பன் போய்ச் சொன்னார். வாய்ச்சொல் செல்லாது என்றார் மேனேஜர். பேரேட்டில் ஏன் எழுதி வைக்கவில்லை என்று அவருக்கே ஒரு மெமோவும் கொடுத்தார்.

மறுநாள் அறுபத்திரண்டு பேருக்கும் முதல் நாள் என்று பதிவாயிற்று. அந்தப் பேட்டரியோடு ஜீப் மட்டும் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது.