இனியாவின் இலைக்கு ஒரு நண்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. கதை என்றாலே பொய்தானே என்று சமாதானம் சொல்ல வராதீர்கள். இது நான் ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

இனியாவும் நானும் சென்னையில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். ஒருநாள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. துக்கம் கேட்க, பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா சென்னம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வருசம் திரும்பறப்ப அவளுக்கு எலை போட்டுப் படைக்கோணும் அம்முணி. காலேசுக்குப் போனதுலருந்து அவ ஊட்டுச் சோத்த எங்க தின்னா? அங்க என்னத்த ஆசையாத் திம்பா, சொல்லு சாமி."

செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைக்காவிட்டால் அவர் வந்து பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பிப் போவார் என்பது அந்த வீட்டு நம்பிக்கை.

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, வெட்கக்கேடு. தெரிந்ததெல்லாம் இதுதான்: காலையில் ஜன்னலருகே நின்றபடியே டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுவிட்டு ஓடுவாள். பல நாள் ராத்திரிக்கும் அதே பன்தான். இதைப் பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது?

"கடலோரமா ஒரு பெரிய ஹோட்டல் இருக்குதும்மா," என்றேன். "பொறந்தநாளுக்குப் பொறந்தநாள் அங்க போய் மிளகு நண்டு சாப்பிடுவா. கண்ணாடிச் சுவரோரத்து மேசை. கடலைப் பார்த்துக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்து சாப்பிடுவா."

மளமளவென்று வந்தது. கதை எழுதுகிறவளின் தொழில் பழக்கம். ஹோட்டல் பேரையும் சொல்லித் தொலைத்தேன்.*

(* அப்படி ஒரு ஹோட்டல் இருப்பது உண்மை. அதன் மதிலுக்கு வெளியே மணலில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே போனதில்லை. பேரை இங்கே எழுத மாட்டேன், ஒரு தடவை சொன்னதே போதும்.)

ஆற்று நண்டு வாங்கி வீட்டிலேயே ஆக்கிப் படைத்துவிடுவார்கள் என்று நினைத்து நானும் மறந்துவிட்டேன். வருடம் திரும்பியது. அவர்கள் இலையை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

2

அங்கே நடந்ததற்கு என் கையில் இருப்பது ஒரு போட்டோவும் ஒரு போன் பேச்சும் மட்டுமே. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. எப்படித் தொடங்குவது?

"கடல் அன்று அமைதியாக" – வேண்டாம். கடல் எப்படி இருந்தால் யாருக்கு என்ன?

"பளிங்குத் தரையில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்புகள்" – இதுவும் வேண்டாம். கண்ணீர் பிடுங்குகிற வேலை. இனியாவின் அப்பா மாதேஸ்வரனுக்கு வெற்றிலைக் கொடிக்காலும் இரண்டு ஏக்கர் வாழையும் உண்டு. நல்ல தோல் செருப்புதான் போட்டிருப்பார்.

இப்படி வைத்துக்கொள்வோம். மாதேஸ்வரன் தன் தோட்டத்தில் அறுத்த நுனி இலையை ஈரத்துணியில் சுற்றி மார்போடு அணைத்தபடி ஹோட்டல் வாசலில் நின்றார். பஸ் ஏறியதிலிருந்து அதை அவர் கீழே வைக்கவில்லை. சீட்டில் வைத்தால் கிழியும், மேலே வைத்தால் நசுங்கும். இனியா பிறந்த அன்றும் இப்படித்தான் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள், அப்போதும் கீழே வைக்கப் பயமாகத்தான் இருந்தது.

"உள்ள உடுவாங்களாட்ட இருக்குதா?" என்றார் மனைவியிடம்.

"ஏனுங்க, நம்ம புள்ள வந்து போன எடந்தானுங்க. வாங்க," என்று சென்னம்மாள் முன்னால் நடந்தார்.

3

பரிமாறுபவர் வந்தார். அவர் இவர்களை அவமானப்படுத்தப் போகிறார் என்று எதிர்பார்ப்பீர்கள். முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன், சுலபமாக இருந்தது. அடித்துவிட்டேன். இவர் பெயர் கதிர்வேல், நாற்பது வயது, எங்கள் சேலத்துப் பக்கம் கெங்கவல்லிக்காரர். (கெங்கவல்லி ஆள் சரியாக அந்த மேசைக்கு எப்படி வந்தார் என்று கேட்காதீர்கள். மாதேஸ்வரன் கூச்சப்படாமல் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது, வரவழைத்தேன்.)

"மொளகு நண்டுங்க," என்றார் மாதேஸ்வரன். "ஒண்ணு போதுமுங்க. எங்களுக்கில்ல, எங்க புள்ளைக்கு. எலை நாங்களே கொண்டாந்துட்டமுங்க." செல்போனை எடுத்து இனியாவின் படத்தைக் காட்டினார். "பொறந்தநாளுக்குப் பொறந்தநாள் இங்கதான் வருமுங்க. உங்களுக்கு நெனப்பு இருக்குமுங்களே?"

பாருங்கள், என் பொய் பஸ் ஏறி வந்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் சாட்சி கேட்கிறது. "தெரியலைங்களே" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த மனிதர் என்ன ஆவார்? இந்த வரியிலேயே நான் நாலு நாள் நின்றேன். இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் என் அறை. கீழே யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

கதிர்வேல் படத்தைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். "இருக்குதுங்க," என்றார். "அமைதியான பொண்ணு."

ஆக, எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார்.

வெள்ளைத் துணியின் மேல் இலை விரித்து, நண்டை வைத்தார்கள். சென்னம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து கற்பூரம் எடுத்தார். "அது மட்டும் வேணாம்மா, பொகை பட்டா மேல மணி அடிச்சுடும்," என்ற கதிர்வேல், பக்கத்து மேசையில் எரிந்த சின்னக் கண்ணாடி விளக்கை எடுத்து வந்து இலைக்கு முன்னால் வைத்தார்.

மாதேஸ்வரன் கண்ணை மூடினார். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வயிறாரத் தின்னு சாமி, என்று மட்டும் சொல்லிக்கொண்டார். அழுதார்.

4

இது நிஜம். போட்டோ வந்தது: வெள்ளைத் துணி, இலை, நண்டு, கண்ணாடி விளக்கு. (கதிர்வேலை அந்த விளக்கிலிருந்துதான் உண்டாக்கினேன்.) பின்னாலேயே சென்னம்மாள் போன் செய்தார்.

"படைச்சுட்டோம் அம்முணி. மனசுக்கு நெறைவா இருந்துச்சு." போனை வைக்கப்போனவர் மறுபடி பேசினார். "சின்னதுல அவளுக்கு நண்டு ஆகாது. ஆத்து நண்டத் தின்னுபோட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி, அவங்கப்பன் தூக்கிட்டு ஓடுனாரு. பெரியவளானதும் ஒத்துக்கிச்சாட்ட இருக்குது."

"ஆமாங்கம்மா," என்றேன்.

5 (முடிவு, முதல் பிரதி)

கும்பிட்டு முடித்தும் சென்னம்மாள் நண்டைத் தொடவில்லை.

"இது அவளுக்கு ஆகாதுங்க. மறந்துட்டீங்களா?"

மாதேஸ்வரனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "அப்ப அவகூட ரூம்ல இருந்த புள்ள சொன்னது?"

"பொய்யிங்க. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு வந்தோம்?"

"பொய்யிலயாவது என்ற புள்ள நல்ல எடத்துல உக்காந்து தின்னிருக்கறாளே. அதப் பாத்துட்டுப் போலாமுன்னுதான்."

5 (மறுபடியும்)

மேலே உள்ளது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் சந்தேகம். என்னை நானே மன்னித்துக்கொள்வதற்கு அந்த அம்மாவின் வாயை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்படி மாற்றிப் பார்த்தேன்: சென்னம்மாள் முழுசாக நம்பினார். வீடு திரும்பும் வழியெல்லாம், மகள் அந்த மேசையில் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே

இதற்கு மேல் எழுத வரவில்லை.

6

இன்று காலை மறுபடி கூப்பிட்டார். "வார வருசத்துக்கும் எலை போடோணுமே சாமி. திரும்பவும் நண்டேவா? வேற என்ன திம்பா, யோசிச்சு வெய்யி. சாயங்காலம் கூப்புடறேன்."

என்னிடம் இன்னும் இரண்டு பொய்கள் தயாராக இருக்கின்றன, இரண்டும் நல்ல பொய்கள். ஓர் உண்மையும் இருக்கிறது. அது பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே கிடைக்கும், சென்னைக்குப் போக வேண்டாம். அதைச் சொன்னால் மகள் எப்படி வாழ்ந்தாள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கண்ணாடிச் சுவரும் போகும், மேசையும் போகும்.

சொல்லாவிட்டால்? அந்த வீட்டு நம்பிக்கைப்படி, போன முறை இனியா வந்திருப்பாள். தொட்டால் மூச்சு முட்டும் நண்டை இலையில் பார்த்துவிட்டுப் பசியோடு போயிருப்பாள். நான்தான் அனுப்பினேன்.

இத்தனை நேரம் கூடவே வந்தீர்கள். அவள் என்ன தின்றாள் என்பது முதல் பக்கத்திலிருந்தே உங்களுக்கும் தெரியும். அப்பா, அம்மாவைப் பற்றியும் தெரியும். எனக்குத் தெரிந்தது அவ்வளவையும் சொல்லிவிட்டேன்.

போன் அடிக்கிறது. "அம்மா, அவ ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டே" என்பது வரை நான் சொல்லிவிடுகிறேன். மீதியைச் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.