கை சுத்தம்

பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். ‘மா’ எழுதும்போது அதன் காலை அடுத்த எழுத்தின் மேல் இடிக்கவிடுவது எங்கள் வீட்டில் ஒருத்திதான். ‘மான் கொம்பு, நான்காம் குழி, ஆறாம் அடுக்கு’ என்று என் அக்கா எழுதியிருந்தாள்.

பன்னிரண்டு வருடமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வேறு ஆய்வகங்களில் ஒரு மாதிரிக்கு வயது கண்டுபிடித்துத் தர எட்டு மாதம் ஆகும். எங்களிடம் மூன்று வாரம். அவளுடைய அவசரம்தான் அவளை என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தது.

கூட வந்த படிவத்தைப் படித்தேன். எட்டாவது கேள்வி: ‘பசையோ வேறு பூச்சோ தடவப்பட்டதா?’ அக்கா ‘இல்லை’ என்று எழுதி, கீழே அழுத்தமாகக் கோடு போட்டிருந்தாள்.

அந்தக் கொம்பு அகழாய்வில் மண்ணிலிருந்து வெளியே வந்த நாளில் நான் அவள் பக்கத்தில் குந்தியிருந்தேன். வெயில் பட்டதும் கீறல் விட ஆரம்பித்தது. “உடைஞ்சுடும்டி, அந்த டப்பாவை எடு” என்றாள். பசையை நீர்க்கக் கலந்து, பிரஷால் மூன்று தடவை பூசினாள். அந்த வருடம் தோண்டியெடுத்த எலும்புகள் எல்லாவற்றுக்கும் அதே டப்பாதான். அன்றன்றைக்கு நடந்ததை எழுதுவது என் வேலை, எழுதினேன்.

மறு வருடம் வேறொரு ஆய்வகத்தில் அந்த எலும்புகளின் வயது தாறுமாறாக வந்தது. ஒரே அடுப்பைச் சுற்றிக் கிடந்தவற்றுக்குள் இரண்டாயிரம் வருட இடைவெளி. விசாரணைக் குழு கூப்பிட்டது. என் நோட்டில் பசையைப் பற்றி எழுதிய பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன. அக்கா எழுந்து நின்று, வருத்தப்படுகிற குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்:

“பொட்டலம் கட்டினது என் தங்கச்சிதான். அவளுக்குக் கை சுத்தம் போதாது.”

கழுவாத கையால் மாதிரியைத் தொட்டேன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன் என்று அவள் எப்போதும் சாதிக்கலாம். ஆனால் அதே வாரத்தில்தான் கிடங்கிலிருந்து மூன்று சிப்பி மணிகள் காணாமல் போயிருந்தன. கை சுத்தம் என்றால் நம் காதில் என்ன விழும்? குழுவில் இருந்த ஐந்து பேரும் ஒரே சமயத்தில் என் கைகளைப் பார்த்தார்கள். நான் அவற்றை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். மறைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. மணிகள் பிறகு ஒரு சாக்கின் மடிப்பில் கிடைத்தனவாம். அதை யாரும் எனக்கு எழுதிச் சொல்லவில்லை.

அதன் பிறகு எந்தக் குழியிலும் என்னை இறங்க விடவில்லை. இந்த ஆய்வகத்தில் நான்கு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். இப்போது மாதிரிகளைச் சுத்தம் செய்து இயந்திரத்துக்கு அனுப்புகிற பகுதி முழுக்க என்னுடையது. இங்கே நுழைகிறவர்கள் மூன்று முறை கை கழுவ வேண்டும். கழுவும் ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் என் காதில் விழாமல் இருந்ததில்லை.

“உங்க அக்காவோடதாம்மா?” என்றார் தராசு. எடை பார்க்கும் பிரிவில் இருப்பவர், பேசுவதையும் எடை போட்டே பேசுவார் என்பதால் வந்த பட்டப்பெயர். “வேற யார்கிட்டயாவது குடுத்துடவா?”

“வேண்டாம்ணா. நானே பாக்குறேன்.”

“முகம் அடுப்பு மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்.”

கொம்பைப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தேன். கீறல்களுக்குள் பசை பால் நீலமாக ஒளிர்ந்தது. இத்தனை வருடம் எனக்காகவே அங்கே காத்திருந்த மாதிரி. படம் எடுத்தேன். படத்தின் மூலையில் தேதியும் நேரமும் தானாக விழுந்தன.

உயிரோடு இருப்பது எல்லாமே காற்றிலிருந்து வந்த கார்பனை உடம்பில் வைத்திருக்கும். அதில் ஒரு சிறு பங்கு, உயிர் போன நாளிலிருந்து மெல்ல அழியத் தொடங்கும். மிச்சத்தை அளந்து வருடத்தைச் சொல்கிறோம். பசை பெட்ரோலியத்திலிருந்து செய்தது. பெட்ரோலியத்தில் அந்தப் பங்கு எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். அதனால் பசை கலந்தால் எந்த எலும்பும் தனக்கு இல்லாத கிழத்தனத்தைக் காட்டும். கரைப்பானில் நன்றாகக் கழுவினால் போய்விடும். கழுவுவதும் விடுவதும் படிவத்தில் இருக்கும் பதிலைப் பொறுத்தது.

மாலையில் அக்காவே கூப்பிட்டாள்.

“பொடிசு, நீயா பாக்குற? நல்லதாப் போச்சு. பன்னெண்டாந்தேதி அறிவிப்பு வெச்சிருக்கேன்.”

பொடிசு. பன்னிரண்டு வருடம் நடுவில் இல்லாத மாதிரி.

“அக்கா, இதுல ஏதாவது தடவினதா ஞாபகம் இருக்கா?”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அந்த இடைவெளியில் அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். ஒருவேளை அழுதிருப்பேன். ஆனால் சொன்னால் பழைய விசாரணையே அவள் தலையில் விழும்.

“உனக்கு அந்தப் பசைப் பைத்தியம் இன்னும் தெளியலையாடி? படிவத்துல எழுதியிருக்கேன்ல. அதுல இருக்கிறபடி செய். போதும்.”

“சரிக்கா,” என்றேன். “அதுல இருக்கிறபடியே செய்றேன்.”

ஃபோனை வைத்தபோது எனக்குள் ஏதோ குளிர்ந்து, சுகமாக உட்கார்ந்தது. வெறுப்பு கொதிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். என்னுடையது நல்ல பிள்ளையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் பாதி எடு, பாதி வை என்பது விதி. பாதியை எடுத்தேன். கரைப்பானைத் தொடவில்லை. மற்றதெல்லாம் சுத்தமாகச் செய்தேன். பதினோராயிரத்து நானூறு வருடம் என்று வந்தது. அந்தப் பகுதியில் அதுவரை கிடைத்த எந்தக் குடியிருப்பையும் விடப் பழையது. முடிவை அனுப்பினேன். மீதிப் பாதி என் அலமாரியில் பூட்டியிருந்தது.

பன்னிரண்டாம் தேதி சாப்பாட்டு மேசையில் தராசு தன் ஃபோனைக் குவளை மேல் சாய்த்துவைத்து அறிவிப்பைப் போட்டார். மேடையில் அக்கா. அம்மாவின் கழுத்து, அம்மாவின் சிரிப்பு.

“இந்த வயதைக் கண்டுபிடித்தது என் தங்கைதான்,” என்றாள். “அவளை மாதிரிக் கை சுத்தமான ஆய்வாளர் கிடைப்பது அபூர்வம்.”

கைதட்டினார்கள்.

“அட, உன்னைத்தாம்மா!” என்று தராசு என் தட்டில் தட்டினார். மேசையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எத்தனை வருடம் அந்த வார்த்தைகளுக்காகக் காத்திருந்தேன்! ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. நாய்க்குட்டி மாதிரி என் மனம் அவள் காலடிக்கு ஓடியது. அவள் செய்தவற்றை எப்படியாவது பொறுத்துக்கொண்டிருப்பேன், அந்த ஒரு நிமிடத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. என் பெயரைப் பறித்தவளும் அவள், போனால் போகிறது என்று திருப்பிக் கொடுப்பவளும் அவளேவா?

மீதிப் பாதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கரைப்பானில் ஐந்து முறை கழுவினேன். ஒன்பதாயிரத்து அறுநூறு. ஆயிரத்து எண்ணூறு வருடம் பசையோடு கரைந்து போயிருந்தது.

இரண்டு முடிவுகளையும் ஊதா விளக்குப் படத்தையும் படிவத்தின் நகலையும் சேர்த்து, அவள் துறைக்கும் பழைய விசாரணைக் குழுவுக்கும் அறிக்கை தயாரித்தேன். தராசு படத்தை வெகு நேரம் பார்த்தார்.

“இதுல தேதி இருக்கு. முதல் பாதியைச் செய்றதுக்கு முந்தின நாள். பசை இருக்கிறது தெரிஞ்சேதான் நீ கழுவாம விட்டேன்னு ஆயிடும்.”

“ஆகட்டும்.”

“படத்தை மட்டும் எடுத்துட்டா அவங்க மட்டும் மாட்டுவாங்க.”

“எடுத்துட்டா பசை எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்கண்ணா.”

“வேற படம் இப்ப எடுத்துக்கலாமே. கொம்புல மிச்சம் ஒட்டிட்டு இருக்கும். எதுக்கும்மா இப்படி?”

மனசாட்சி என்று சொல்லியிருந்தால் அவர் என்னை மதித்திருப்பார். அது மனசாட்சி இல்லை. மேடையில் நின்று அவள் எனக்குக் கொடுத்தது என்னிடம் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. அவ்வளவுதான்.

“உன் வேலை போயிடும்மா,” என்றார் கடைசியாக, எடை போட்டு.

“அவ பேரும் போகும்ல?”

அறிக்கை போன மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து ஃபோன். கையுறையைக் கழற்றாமலே எடுத்தேன்.

“பாவி, என்னடி பண்ணி வெச்சிருக்க! உன்னையும் சேர்த்துல்ல எழுதிக் குடுத்திருக்க! தெரிஞ்சே செஞ்சேன்னு உன் தேதியே சொல்லுதே!”

“ஆமாக்கா. நீ அன்னைக்குச் சொன்னது சரிதான், எனக்குக் கை சுத்தம் போதாது. இப்ப நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். உன் கை எப்படி?”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. சின்ன வயதில் ஒரே பாயில் தூங்கும்போது கேட்ட அதே மூச்சு. அவள் வைக்கட்டும் என்று, நான் வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.