கட்டில் ஓரத்து ஈரம்

அப்பாவால் சிறுநீரை அடக்க முடியவில்லை என்று அண்ணன் போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். யாரைப் பற்றி என்ன பேசுகிறான் இவன்? நெடுந்தூரப் பேருந்து ஓட்டியே வயதைக் கழித்தவர் அப்பா. நடுவழியில் வண்டியை ஓரங்கட்டி இறங்கினால் பயணிகள் முன்னால் மானம் போய்விடும் என்று, வண்டி எடுக்கும் நாட்களில் தொண்டையைக்கூட நனைக்காமல் பழகியவர். அந்த வைராக்கியத்தைப் பற்றி எங்களிடம் அவர் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

"சிரிக்காத. தினமும் காலைல கட்டிலுக்குக் கீழ குளம் கட்டி நிக்குது. தொங்குற போர்வையெல்லாம் நனைஞ்சு கிடக்கு. உன் அண்ணி எத்தனை நாளைக்குத்தான் துடைப்பா? கொஞ்ச நாள் நீ கூட்டிட்டுப் போ."

போனேன். அப்பா கட்டிலில் சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. மெத்தைமேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தார்கள். அறை முழுக்க பினாயில் நெடி. அண்ணி பொல்லாதவள் இல்லை. முகம் சுளிக்காமல்தான் துடைத்தாள். ஆனால் துணியை எடுக்கும் முன்பே பினாயில் பாட்டிலைக் கவிழ்த்துவிடுவாள். அந்த ஈரத்துக்கு என்ன வாசனை என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போனது அப்படித்தான்.

"முதல்ல நான் இல்லன்னுதாம்மா சொன்னேன்," என்றார் அப்பா. "அப்புறம் பாத்தா தினமும் இருக்கு. வயசாச்சுல்ல. நமக்கே தெரியாமப் போயிடுதாம்."

"தண்ணி குடிக்கிறீங்களா இல்லையா?"

"வண்டி எடுக்குற மாதிரி இருக்கேன்," என்றார்.

மறுநாள் காலை அண்ணி பினாயிலோடு வருவதற்குள் நான் குனிந்து அந்த ஈரத்தில் கை வைத்தேன். முகர்ந்து பார்த்தேன். வெறும் தண்ணீர். மெத்தையைத் தடவினேன், விரிப்புக்கு மேலே ஒரு பொட்டு ஈரமில்லை. மேலே காய்ந்திருக்க கீழே மட்டும் நனைப்பது எந்த ஊர் வியாதி? கோபம் தலைக்கேறியது. கட்டிலை இழுத்தேன். சுவரின் அடியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. அழுத்தினால் விரல் உள்ளே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

"அது சும்மா ஓதம். போன மாசம்தான் மேல பெயின்ட் அடிச்சேன்," என்றான் அண்ணன். "நீ எப்ப கொத்தனார் ஆன?"

வீட்டிலிருந்த குழாய்களையெல்லாம் இறுக்கி மூடிவிட்டு, அவனை வாசலுக்கு இழுத்துப்போய்த் தண்ணீர் மீட்டரைக் காட்டினேன். ஒரு சொட்டு செலவில்லாத வீட்டில் அதன் சின்னச் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் குனிந்து மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். பிறகு மெல்ல, "அவரை நான் என்னவெல்லாம் பேசிட்டேன்," என்றான்.

பிளம்பர் வந்து சுவரை உடைத்தார். உள்ளே குழாயின் இணைப்பு துருவேறி இற்றுப்போயிருந்தது. "உப்புனப்பவே கூப்பிட்டிருந்தா ஒரு கை அகலம் உடைச்சிருந்தாப் போதும் சார். நீங்க பெயின்ட் அடிச்சு மூடிட்டீங்க," என்றார்.

அன்று மாலையே அப்பா தலை சுற்றி விழுந்தார். மருத்துவமனையில் ஊசி வழியாக நீர் ஏற்றினார்கள். சிறுநீரகம் பலமாக அடிவாங்கியிருக்கிறது, இனியாவது நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அந்தத் துருப்பிடித்த குழாய்த் துண்டை அப்பாவின் கையில் வைத்தான். "இதுதாம்பா. நீங்க இல்ல. எங்களை மன்னிச்சிடுங்க."

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்காக ஒரு நல்ல செவுத்தப் போய் உடைச்சிருக்கீங்களே," என்றார். குரலில் அவ்வளவு கனிவு. அவர் மானத்தைக் காப்பாற்ற நாங்கள் நாடகம் ஆடுவதாக நினைக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சத்தியம் செய்தோம். பூச்சு வேலைக்கு வந்த பிளம்பரையே கூட்டிவந்து சொல்லவைத்தோம். "அவருக்கும் சொல்லிக் குடுத்துட்டீங்களா?" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. திட்டினால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலையில் அப்பா கட்டிலிலிருந்து கால்களை இறக்கி, உள்ளங்காலால் தரையைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நான் வந்ததிலிருந்து அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்தியா, சுத்தமா காஞ்சிருக்கு. தண்ணியக் கொறைச்சேன், கட்டுக்குள்ள வந்துடுச்சு."

"குழாயை மாத்திட்டோம்பா. அதனாலதான் காஞ்சிருக்கு. டாக்டர் சொன்னாருல்ல, ஒரு வாயாவது குடிங்க." டம்ளரை நீட்டினேன்.

அப்பா தரையில் சிந்திவிடாதபடி டம்ளரைப் பத்திரமாக வாங்கி, கையை நீட்டி முடிந்தவரை தள்ளி வைத்தார்.

"வேண்டாம்மா. இப்பதான் சரியாயிட்டு வருது."